இரண்டு கைதட்டல்

ஓடிப்போனாளாம். யார் ஓடியது? என் மருமகள் ஓடி நான் பார்த்ததே இல்லை. பதினாறு வருடம் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவள், ஊரார் பெண்களையெல்லாம் மூச்சு வாங்க ஓடவிட்டாளே தவிர, அவள் என்றைக்கும் கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்றவள்தான். வீட்டை விட்டும் அவள் நடந்துதான் போனாள். காலை பத்து மணிக்கு, வெயிலில், எல்லோரும் பார்க்க. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள் என்று எதிர்வீட்டுத் தையல்காரி சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அந்த நேரத்தில் அவள் மிஷினில் தலையைக் கவிழ்த்து எவளுக்கோ ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் எதைக் கண்டாள்?

மாமியார்க்காரி துரத்திவிட்டாள் என்று ஒரு பேச்சு. பெற்ற பெண்ணுக்காகக் கோப்பையைத் தொலைத்துவிட்டு முகத்தைக் காட்ட முடியாமல் போனாள் என்று இன்னொரு பேச்சு. முதல் பேச்சுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. துரத்துகிற தெம்பு இருந்தால் நான் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறியிருப்பேன். இரண்டாவதுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எண் தெரியும், கண் தெரியும். நான் சொல்வதை அழகுபடுத்தாமல் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அவள் இந்த வேலைக்கு வந்தது தற்செயலாகத்தான். பேத்திக்கு நாலு வயது. பக்கத்துப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டார். மூன்று மாதத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். என் மகன் லிஃப்ட் மெக்கானிக். அந்தப் பள்ளியில் ஒரு லிஃப்டைப் பழுது பார்க்கப் போனவன் சும்மா இருக்காமல், "என் பொண்டாட்டி ஸ்கூல்ல படிக்கிறப்போ பாஸ்கெட்பால் டீம்ல இருந்தவ" என்று சொல்லிவிட்டு வந்தான். மறுநாளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று அவள் சிரித்தாள். "டீம்ல இருந்தேன் அத்தை, வாஸ்தவம்தான். மூணு வருஷம் பெஞ்சுல இருந்தேன். எல்லார் பையையும் நான்தான் பார்த்துக்குவேன். தண்ணி பாட்டிலை நிரப்புவேன். சட்டை போட்டிருப்பேன், நம்பர் இருக்கும், மேட்ச் முடிஞ்சதும் அந்தச் சட்டையை மடிக்கிறப்போ அதுல ஒரு பொட்டு வியர்வை இருக்காது. அதைத் துவைக்கிறதா வேணாமான்னு எங்கம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாங்க."

அவளுடைய பாடம் முழுதும் இந்தச் சட்டையிலிருந்து வந்ததுதான். அது எனக்கு அப்போது புரியவில்லை. போகப் போகப் புரிந்தது.

பள்ளி மைதானம் என்றால் காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் சிமெண்டுத் தரை. ஒரு பக்கம் மட்டும் வளையம், அதற்கும் வலை கிடையாது. மூன்று மாதம் ஒன்பது வருடமானது. ஒரு அணியில் பன்னிரண்டு பேர். சட்டை எண் நாலில் தொடங்கிப் பதினைந்தில் முடியும். களத்தில் நிற்பது ஐந்து பேர், மீதி ஏழு பேர் பெஞ்சில். மற்ற பள்ளிகளில் அந்த ஏழில் மூன்று நான்கு பேர் வருடம் முழுக்க உட்கார்ந்தே தேய்ந்துபோவார்கள். இவள் அணியில் அது நடக்காது. சட்டை போட்ட எல்லோரும் ஒவ்வொரு மேட்சிலும் இறங்கியாக வேண்டும். இறங்கியவள் பந்தைத் தொடாமல் திரும்பக் கூடாது. புதிதாக ஒருத்தி உள்ளே வந்தால், அடுத்து பந்து யார் கையில் இருந்தாலும் முதலில் அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். கேள்வியே கிடையாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பெண்கள் இதைச் சொல்வார்கள்.

"தோத்தா தோக்கலாம் அத்தை. பன்னெண்டு சட்டையும் வேர்த்துத் தோக்கணும்" என்பாள்.

விசில் ஊத மாட்டாள். அவளுடைய கோச் ஊதிய விசில் இன்னும் காதில் இருக்கிறது என்பாள். பெஞ்சிலிருந்து ஆளை எழுப்ப இரண்டு முறை கை தட்டுவாள். அவ்வளவுதான். பெரிய சத்தம்கூட இல்லை. தட்டியதும் எவள் முறையோ அவள் எழுந்து மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவாள். வீட்டில் சோறு போட்டுவிட்டு அப்படித் தட்டினால் பேத்தி புத்தகத்தை வீசிவிட்டு வந்துவிடுவாள். நானும் ஒன்றிரண்டு முறை எழுந்து போயிருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். "எம்பொண்ணு அருமையா ஆடிட்டு இருந்தா, அவளை இழுத்து உட்கார வச்சிட்டு அந்த மொண்ணையை எதுக்கு மேடம் இறக்குனீங்க?" என்று ஒரு அப்பா எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். இவள், "சார், அந்த மொண்ணைக்கும் ஒரு அப்பா இருக்காரு, அவரு பின்வரிசையில உட்கார்ந்து அழுதுட்டிருந்தாரு, நீங்க பார்க்கல" என்றாள். வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நிறையத் தோற்றாள். ஜெயிக்கவும் செய்தாள். எல்லோரும் ஆடிப் பழகிய அணியில் ஒருத்திக்குக் காலில் அடிபட்டால் இன்னொருத்தி தயாராக இருப்பாள், அந்தக் கணக்கு எதிரணிக்குக் கிடையாது. அவளிடம் ஆடிய பெண்கள் கல்லூரிக்குப் போய் நன்றாக ஆடினார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரியில் கூப்பிட்டார்கள்.

கல்லூரி வேறு உலகம். மரத்தரை, இரண்டு பக்கமும் வளையத்துக்குப் பின்னால் கண்ணாடிப் பலகை, முன்வாசலில் கோப்பை அடுக்கிய அலமாரி. அந்த அலமாரியில் முக்கால்வாசி ஆண்கள் அணியின் கோச் கொண்டுவந்தது. அவருக்கு என் பேத்தி வைத்த பேர் விசில். சாப்பிடும்போதும் அது கழுத்தில் தொங்கும். மனுஷன் கெட்டவர் இல்லை. ஒருமுறை வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டு இவளுக்குப் புத்தி சொன்னார்.

"மேடம், பஸ்ஸை ஒரு டிரைவர்தான் ஓட்டணும். டிக்கெட் வாங்கின எல்லாரும் ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடிச்சா வண்டி எங்க போய் நிக்கும்?"

"டிரைவருக்கு மயக்கம் வந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

"எங்க டிரைவருக்கு மயக்கம் வராது. வந்தா கண்டக்டர் ஓட்டுவான். நாப்பதாவது சீட்டுல தூங்குறவனை எழுப்ப மாட்டேன்."

"அவன் தூங்கல சார். அவன் ஜன்னல் வழியா ரோட்டைப் பார்த்துட்டே வர்றான்."

நான் உள்ளிருந்து, "ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஆறுது" என்றேன். விசில் சிரித்துவிட்டார். போகும்போது மட்டும் சிரிக்காமல் ஒன்று சொன்னார்: "அலமாரியைப் பார்த்துதான் மேடம் நம்மளை வச்சிருக்காங்க."

பேத்தி அதே கல்லூரியில் சேர்ந்தாள். இங்கேதான் என் மருமகள் மீது எனக்குத் தீராத கோபம். இதை அவளைக் காப்பாற்றுவதற்காக மறைக்க மாட்டேன்.

அந்தப் பெண் நன்றாக ஆடக்கூடியவள். எங்கள் வீட்டுப் பின்சுவரில் அவள் அடித்த பந்தின் வட்டங்கள் இன்னும் இருக்கின்றன, மேலே போகப் போக நெருக்கமாக. களத்தின் மூலையில், கோடும் கோடும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று எறிவதுதான் அவள் வித்தை. நான் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். பத்துக்கு ஏழு விழும். அணியில் அந்த இடத்திலிருந்து அப்படிப் போடுகிறவள் வேறு யாரும் இல்லை.

அவளுக்கு அம்மா கொடுத்த சட்டை பதினைந்து. கடைசி எண். இறக்குவதும் கடைசியில். மூன்று வருடமும் அப்படித்தான். பதினொரு பேரும் இறங்கி ஏறிய பிறகு, ஆட்டம் முடிய ஒரு நிமிடமோ அரை நிமிடமோ இருக்கும்போது இரண்டு கைதட்டல். பேத்தி ஓடுவாள், யாராவது பந்தை அவள் கையில் தருவார்கள், அவள் இன்னொருத்தியிடம் தருவாள், மணி அடித்துவிடும். துவைப்பதா வேண்டாமா என்று நான் கேட்கும்படியான சட்டை அது.

இறுதிப் போட்டி அன்று காலையில்கூடச் சொன்னேன். "இன்னிக்கு ஒரு நாளாவது அவளை முன்னாடி இறக்கு. உன் வயித்துல பொறந்தது அவ பண்ணின குத்தமா?"

"அத்தை, பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பார்க்கிறவங்களா வந்து பந்து போடப் போறாங்க?"

"பெத்த பொண்ணை முன்னாடி தள்ளுறான்னு ஒரு வார்த்தை வந்துட்டா, இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம் பொய்னு ஆயிடும் அத்தை."

இத்தனைக்கும் அன்றைய ஆட்டம் சாதாரண ஆட்டம் இல்லை. வருடத் தொடக்கத்திலேயே கல்லூரி முதல்வர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: ஏழு வருடமாகப் பெண்கள் அணி அலமாரிக்கு ஒன்றும் தரவில்லை, இந்த வருடம் கோப்பை வரவில்லையென்றால் பெண்களையும் விசில் பார்த்துக்கொள்வார். விசில் கைக்குப் போனால் ஐந்தாறு பெண்கள் ஆடுவார்கள், மீதிப் பேர் பை தூக்குவார்கள். அவளுக்கு வேலை போவதைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

நானும் தையல்காரியும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு சட்டைக்கும் எண் தைத்தவள் என்பதால் அவளுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்ததே என் மருமகள்தான். சாயங்கால ஆட்டம். நூறு மின்விசிறி இருந்தும் புழுக்கம். இரண்டு அணியும் ஒன்றை ஒன்று விடவில்லை. இரண்டு புள்ளி ஏறும், மூன்று இறங்கும். நான் பெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். பதினொரு பேர் ஆகிவிட்டது. பதினைந்தாம் எண் மட்டும் மேல்சட்டையைக் கழற்றாமல், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தது.

ஒரு நிமிடம்கூட இல்லை. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். மருமகள் புள்ளிப் பலகையிலிருந்த நேரத்தைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். அப்போது அவள் முகம் இருந்த இருப்பை என்னால் யாருக்கும் விளக்க முடியாது. இறக்கினாலும் பேசுவார்கள். இறக்காவிட்டால் அவள் தன் வாயால் சொன்ன சொல் போய்விடும், அதுவும் சொந்தப் பெண் விஷயத்தில். சும்மா இருந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு முறை தட்டினாள்.

"ஐயோ, இப்பவா?" என்றாள் தையல்காரி. அதுவரை உண்மை. அதற்குப் பிறகு அவள் சொல்வதெல்லாம் கட்டுக்கதை.

பேத்தி உள்ளே போனாள். எதிரணி பந்தைக் கொண்டுவந்து கூடையில் போட்டது. இப்போது நாங்கள் ஒரு புள்ளி பின்னால். எங்கள் பெண்கள் பந்தை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். கேப்டன் உள்ளே புகுந்துவிட்டாள். கூடைக்கு நேர் கீழே, தனியாக. அவளுக்கும் கூடைக்கும் நடுவில் ஒரு கையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போட்டால் போதும். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

அவள் திரும்பி மூலைக்குப் பந்தை அனுப்பினாள்.

மூலையில் பதினைந்தாம் எண். அவளுடைய இடம், பத்துக்கு ஏழு விழுகிற இடம். பந்தைச் சுத்தமாகப் பிடித்தாள். எறிவதற்காக ஒரு கால் பின்னால் வைத்தாள். குதிகால் கோட்டின் மேல் பட்டது. கோட்டை மிதித்தால் வெளியே என்று கணக்கு, ரெஃப்ரி ஊதிவிட்டார். பந்து எதிரணிக்கு. அவர்கள் அதை உள்ளே எறிந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். மணி அடித்தது.

அம்மா சைகை காட்டினாளாம், "அவளுக்குக் குடு" என்று. இல்லை. அவள் கை இரண்டும் கட்டியிருந்தன. நான் கேப்டனையே கேட்டேன். அந்தப் பெண் என் முன்னால் நின்று முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பாட்டி, அவ இன்னும் தொடலையே. உள்ள வந்துட்டு அவ இன்னும் பந்தைத் தொடலையே." அவ்வளவுதான். மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெண்ணின் எலும்பில் ஏறிவிட்டது. கூடையைப் பார்ப்பதற்கு முன் தொடாதவளைப் பார்க்கிறாள். இதற்குப் போய் யாரைத் தண்டிப்பது?

வீட்டுக்கு வந்ததும் பேத்தி சமையலறையில் நின்று தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்த மூலையில கோடு எவ்வளவு கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. பிராக்டீஸ்ல தெரியும். மேட்ச்ல, ஒருத்தி மேல வந்து விழுறப்போ எவ்வளவு கிட்டன்னு தெரியாது. தெரியிற அளவுக்கு நான் நின்னதே இல்ல."

மருமகள் கவிழ்த்து வைத்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மத்தவங்களை ஆடணும்னு இறக்குன. என்னை உன் ரூலுக்காக இறக்குன. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவ போட்டா விழும்னு நெனச்சு இறக்கினியா?"

"இல்ல" என்றாள் மருமகள்.

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அந்த 'இல்ல'யைக் கேட்டுவிட்டுப் பேத்தி அறைக்குள் போனவள்தான். அதற்குப் பிறகு அம்மாவிடம் ஒரு வார்த்தை இல்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பந்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். காற்றுப் போய் அது பக்கவாட்டில் அமுங்கிக் கிடந்தது.

நான்காம் நாள் கல்லூரியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. விசில்தான் கொண்டுவந்தார். என் மகன் வாசித்துக் காட்டினான். மகளுக்குச் சாதகமாக நடந்துகொண்டேன், அதனால் ஆட்டம் போயிற்று, வருந்துகிறேன் என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துப் போட்டால் விசிலுக்கு உதவியாளாக இருந்துகொள்ளலாம். இல்லையென்றால் வர வேண்டாம்.

"போட்டுடுங்க மேடம்" என்றார் விசில். அவருக்கே கூச்சமாக இருந்தது. சுவரைப் பார்த்துப் பேசினார். "பேப்பர்தானே. பிள்ளைங்களை விட்டுட்டுப் போகாதீங்க. நான் உங்களை மரியாதையா வச்சுக்குறேன்."

"ஒரு கையெழுத்துதானே" என்றான் என் மகன். "நான் தினம் பத்துக் கையெழுத்துப் போடறேன், லிஃப்ட் நல்லா இருக்குன்னு. எல்லாமா நல்லா இருக்கு?"

அவள் பேனாவை வாங்கினாள். வாங்கி, அந்தக் காகிதத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் பெண்களை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். பெஞ்சில் ஒரு மூலையிலாவது தான் இருந்தால் யாராவது ஒருத்தியை எழுப்பிவிடலாம் என்று நினைத்திருப்பாள். பேத்தியின் அறைக் கதவு அரையங்குலம் திறந்திருந்தது. உள்ளே அவள் நிற்பது கீழே நிழலாகத் தெரிந்தது.

மருமகள் பேனாவை மூடிவிட்டாள். "சாதகமாவா சார்? இவளுக்கா? நான் இவளுக்குப் பண்ணினது அநியாயம். அதை எழுதிட்டு வரச் சொல்லுங்க, இப்பவே போட்டுத் தர்றேன்."

நான் கதவைப் பார்த்தேன். இப்போது திறக்கும், இப்போது திறக்கும் என்று. அரையங்குலமும் மூடிக்கொண்டது.

அதன் பிறகு வேறு கல்லூரி, வேறு பள்ளி என்று தேடினாள். எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் அந்தக் கதை போய் உட்கார்ந்திருந்தது. 'பெத்த பொண்ணு கோச்' என்று பேர் வைத்துவிட்டார்களாம். எந்த ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று மூன்று வருடம் அந்தக் குழந்தையைப் பெஞ்சில் காயப்போட்டாளோ, அதே சொல். கல்லூரியில் ஏழு பெண்கள் ஒரே வாரத்தில் அணியை விட்டு நின்றுவிட்டார்கள். கேப்டன் போன் செய்து அழுதாள். இவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "நீ ஆடு. கூடைக்குக் கீழ நின்னா போட்டுடு. யாரையும் பார்க்காத" என்றாள். அவள் வாயிலிருந்தா அது வந்தது! ஒரு மனுஷி பதினாறு வருடம் கட்டியதைத் தன் கையாலேயே இடித்துப் போடுவது அப்படித்தான் இருக்கும்.

கடைசியில் தொலைவில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை கிடைத்தது. சாவிக்கொத்து வேலை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை என்று பார்த்துக் கதவைப் பூட்டுகிற வேலை.

"அங்க மைதானம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தை. அதனாலதான் போறேன்."

"அவகிட்ட பேசிட்டுப் போ."

"பேசினா இன்னொரு ரூல்தான் வரும் என் வாயில."

"ரூல் வந்தா வரட்டும். அவ முன்னாடி உக்காந்து ஒரு நாள் முழுக்க அழு. அதையாவது செய்." எனக்கும் பிடிவாதம், அவளுக்கும் பிடிவாதம். இருவரிடமிருந்தும் அதை எடுத்துக்கொண்டு மூன்றாவதாக ஒருத்தி உள்ளே கட்டிலில் கிடந்தாள்.

போகிற நாள் காலையில் என் மகனுக்கு அவசர போன். ஏதோ கட்டிடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்று ஒரு அம்மாவும் குழந்தையும் மாட்டிக்கொண்டார்களாம். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று இவளிடம் சொல்லிவிட்டு டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவனால் திறக்க முடிந்த கதவை நோக்கி அவன் போனான்.

அவள் ஒரு பை எடுத்துக்கொண்டாள். பந்து இல்லை, பழைய சட்டை இல்லை, கோப்பைப் படங்கள் இல்லை. "கேஸை அணைச்சுட்டேன் அத்தை. உங்க மாத்திரையை ஜன்னல்கிட்ட வச்சிருக்கேன்" என்றாள். பிறகு பையைத் தரையில் வைத்துவிட்டுப் பேத்தியின் அறை முன்னால் போய் நின்றாள். கதவைத் தொடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

இரண்டு முறை கை தட்டினாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. தரையில் பாதம் படுகிற சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மூன்றாவது அடி கேட்கவில்லை.

களத்தில் ஆள் மாற்ற எவ்வளவு நேரம் விடுவார்களோ, அதைப்போல் பத்து மடங்கு அவள் நின்றாள். பிறகு "சரி" என்றாள், யாருக்கு என்று தெரியாது. பையை எடுத்தாள். படியிறங்கினாள். தெருவில் நடந்தாள், முதுகை நிமிர்த்தி, கோட்டுக்கு வெளியே நடப்பவள் மாதிரி ஓரமாக.

வாசல் கதவை அவள் சாத்தவே இல்லை. வெயில் உள்ளே வந்து அறை வாசல்வரை கிடந்தது. வெகுநேரம் கழித்து நான்தான் எழுந்து போய்ச் சாத்தினேன்.